காட்சிக் கலைஞரும் செயற்கை நுண்ணறிவும்



விஜயகாந்த் இப்பகுதிக்குப் புதியவர் அல்லர். 2011இல் ரிஷிவந்தியம் அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பியது. 2016இல் உளுந்தூர்பேட்டையில் நின்றபோது வெற்றி வாய்க்கவில்லை. 2023 டிசம்பர் 28இல் மறைந்த அவர், 2024 செப்டம்பரில் வெளிவந்த 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தில், குடும்பத்தாரின் இசைவோடு, செயற்கை நுண்ணறிவின் துணையால் மீண்டும் தோன்றினார்.

வியப்புத்தான். ஆயினும் திரைக்குப் பின்னிருப்போரையும் எண்ணுதல் வேண்டும். ஒரு நொடிக் காட்சிக்கு, ஃபிரேம் எனப்படும் படச்சட்டங்கள் 24. அந்தரத்தில் பறக்கும் நாயகனைத் தாங்கும் கம்பியை ஐந்து நொடிக்கு 120 சட்டங்களில் அழிப்பவர் ஒருவர். உருவத்தின் விளிம்பை மயிரிழை பிசகாமல் வரைந்து பின்னணியினின்று பிரிப்பவர் இன்னொருவர். பின்னதற்கு 'ரோட்டோ' என்று பெயர். சலிப்பூட்டும் பணி, படத்தின் இறுதியில் பொடியெழுத்தில் ஓடி மறையும் பெயர்கள். ஆனால் சென்னைக் கூடங்களில் புதியவர் நுழையும் வாயில் பெரும்பாலும் இதுவே. ஒளி எங்கே விழுகிறது, ஆடை எவ்வாறு மடிகிறது என்று கண் பழகுவதும் இங்கேதான். மென்பொருள் முதலில் கைவைப்பதும் இவ்விடத்திலேயே.

முன்னர்த் தட்டி எழுதிய ஓவியரை ஃபிளெக்ஸ் விரட்டியது, கைதேர்ந்தவர்கள் பிழைப்பிழந்தனர். இம்முறை அடி விழுவது கற்கத் தொடங்குவோர்மீது. எதுகை பழகாதவர் நாளை கவியரங்கில் தலைமை ஏற்பதெங்ஙனம்?

2023இல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து, தம் உருவப் பிரதிக்கு இசைவும் ஊதியமும் வேண்டுமென ஒப்பந்தத்தில் எழுதச்செய்தனர். கம்பியழிக்கும் இளைஞர்க்கு அத்தகைய ஒப்பந்தம் இங்கு இன்னும் எழுதப்படவில்லை.