அந்த ஒன்றரை நிமிஷம்
(மறுசந்திப்பு விழாவில் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் தந்திருக்கிறார்கள். 400 கி.மீ. உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே கடந்து போகவும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். அது எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை.

பூமி முழு உருண்டை இல்லை. நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கி.மீ. அதிகம். இந்தத் தொந்தியின் ஈர்ப்பால் கோள் சுற்றும் தளமே மெல்லத் திரும்புகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு இது நாளொன்றுக்குச் சுமார் 5 பாகை. 1959-ல் ப்ரௌவரும் கோசாயும் இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும் சின்ன ஆட்டங்களைப் பிரித்தெடுத்து, நாள்பட நகர்வதைத் தனியே வைத்தார்கள். ஆட்டம் நீக்கிய அளவுகளுக்குச் ‘சராசரி அளவுகள்’ என்று பெயர். தேதியைப் போட்டால் விடை வந்துவிடும்.

இங்கேதான் நான் மாட்டினேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. எஸ்.ஜி.பி.4 என்ற சூத்திரத்துக்காகவே வெளியிடப்படும் இரண்டு வரி அளவுகளை எடுத்து, விநாடி விநாடியாகக் கணக்கிடும் வேறொரு ‘துல்லியமான’ புரோகிராமில் போட்டேன். மறுநாள் ஆன்டெனா காத்திருந்தது. கோள் ஒன்றரை நிமிஷம் முன்னாலேயே போய்விட்டது! சராசரி அளவை அந்தக் கணத்தின் அளவாக எடுத்துக்கொண்டதுதான் தப்பு. பாதையின் அரை அச்சில் 5 கி.மீ. பிசகினாலே ஒரு சுற்றுக்கு 47 கி.மீ. தள்ளிப்போகும்; நாளைக்கு 15 சுற்று. மேலதிகாரி திட்டவில்லை. “எந்தப் படியில அளந்தாங்களோ, அதே படியிலதான்யா திருப்பி அளக்கணும்” என்றார்.

காற்று விஷயம் வேறு. நீள்வட்டப் பாதையில் பூமிக்கு அருகே வரும்போதுதான் இழுவை அதிகம். ஆனால் இறங்குவதென்னவோ எதிர்முனை! பாதை வட்டமாகிக்கொண்டே வரும். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவிலிருந்த கிங்-ஹீலியின் கணக்குகள் அழகானவை. அவற்றில் போடவேண்டிய காற்றடர்த்தி மட்டும் சூரியன் கையில் இருக்கிறது. சூரியன் சீறினால் மேல் காற்று சூடாகி விரியும். ஸ்கைலேப் எதிர்பார்த்ததற்கு முன்பே 1979 ஜூலையில் விழுந்தது அதனால்தான். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் கோள்களில் பெரும்பாலானவை போனதும் அப்படித்தான்.

“கம்ப்யூட்டர்தான் இவ்வளவு வேகமாயிடுச்சே, சூத்திரம் எதுக்கு சார்?” என்று காலையில் ஒரு மாணவி கேட்டார். ஆயிரக்கணக்கான துண்டு துணுக்குகளைத் தினமும் பின்தொடர அது சிக்கனம் என்று அப்போது சொன்னேன். பாதிப் பதில்தான் அது. அந்த ஒன்றரை நிமிஷம் எங்கே போனது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது சூத்திரம்தானம்மா. கம்ப்யூட்டர் கடைசிவரை ஒரு பிழையும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது.