அவையும் அலைபேசியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவு விழாவில் பேசுவதற்கு எத்தனையோ உயர்ந்த பொருள்கள் இருக்க, 'அவையும் அலைபேசியும்' என்ற தலைப்பை ஏன் தேர்ந்தனர் என்று சிலர் எண்ணக்கூடும். எனக்கு இது சிறிய பொருளாகத் தோன்றவில்லை. ஓர் இலக்கிய வட்டத்துக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது? கட்டடம் இல்லை, வங்கியில் பெருந்தொகை இல்லை. மாதத்தில் ஒரு மாலைப் பொழுது நாற்பது ஐம்பது பேர் கூடியமர்ந்து ஒருவர் குரலுக்குச் செவி கொடுக்கிறோமே, அந்தச் செவிதான் நம் சொத்து. அந்தச் சொத்துக்குச் சேதம் நேர்கிறதா என்று பார்ப்பது, வரவு செலவு பார்ப்பதைப் போலவே ஆண்டு நிறைவுக்குரிய கடமையாகும்.

தமிழ் மரபில் நூல் பிறக்கும் இடம் அவை. ஏட்டில் எழுதி முடித்த மாத்திரத்தில் நூல் நூலாகிவிடுவதில்லை. கற்றோர் முன்னிலையில் அது அரங்கேற வேண்டும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியதை அதன் பாயிரம் கூறுகிறது. நம் தேரழுந்தூர்க் கம்பன் தன் இராமகாதையைத் திருவரங்கத்தில் அரங்கேற்றினான் என்பது வழிவழியாக வரும் செய்தி. வள்ளுவர் பேசுவோனை எண்ணி அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். கேட்போனுக்குக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். காப்பியப் புலவர்கள் அவையடக்கம் பாடிய பின்னரே கதையைத் தொடங்கினர். இத்தனை நூற்றாண்டுகளாக அடக்கம் கூறும் பொறுப்பு புலவனிடமே இருந்தது. இன்று அவையோரும் தம் அவையடக்கத்தைப் பாடவேண்டிய காலம் வந்திருக்கிறது.

அந்தக் காலம் எப்போது வந்தது? 1995 ஜனவரியில் நம் தஞ்சையில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நிகழ்ந்தது. அறிஞர் கூட்டம் அலையலையாக வந்தது. ஆயினும் அந்த அரங்குகளில் ஒலிக்க இந்நாட்டில் அலைபேசிச் சேவையே அன்று தொடங்கியிருக்கவில்லை. அவ்வாண்டு ஜூலை 31 அன்றுதான் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து, டெல்லியிலிருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் அலைபேசி உரையாடல் என அது குறிக்கப்படுகிறது. தொடக்கத்தில் வருகின்ற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்ததால் கருவி செல்வர் கையோடு நின்றது. 2003இல் வரும் அழைப்புக்குக் கட்டணம் நீங்கியது. பிறகு அது வயல் வரப்புக்கும் வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2014இல் அது நின்றுபோகும் வரை, இம்மண்ணின் இளைஞரும் பெண்களும் செய்த கருவிகள் உலகெங்கும் ஒலித்தன. 2016இல் ஜியோ வந்து இணையத்தை மலிவாக்கியது. நம் வட்டமும் மலிவு இணையமும் ஏறத்தாழ ஒரே வயதினர். உடன்பிறந்தார் போல வளர்ந்தோம். ஆகவே இப்பத்தாண்டில் அவைக்கு நேர்ந்ததை நாம் நேரில் கண்டோம்.

அலைபேசியால் அவைக்கு மூன்று வகையான குறை நேர்கிறது. முதலாவது, ஒலி. இது எல்லோரும் அறிந்தது, எல்லோரும் கண்டிப்பது. இதிலும் யாரைக் கண்டிப்பது என்பதில் நிதானம் வேண்டும். 2012 ஜனவரியில் நியூயார்க் பில்ஹார்மானிக் இசைக்குழு குஸ்தாவ் மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை வாசித்துக்கொண்டிருந்தது. அந்தப் படைப்பின் இறுதிப் பகுதி, ஒலி தேய்ந்து தேய்ந்து மௌனத்தில் கரைவது. அவ்விடத்தில் முன்வரிசையில் ஒரு கருவி ஒலிக்கத் தொடங்கி நிற்காமல் ஒலித்தது. இசைக்குழுவை நடத்திய ஆலன் கில்பர்ட் தம் கையை இறக்கி, இசையை நிறுத்தி, ஒலி அடங்கிய பின்னரே தொடர்ந்தார். அக்கருவிக்கு உரியவர் நெடுங்காலமாக அவ்விசைக் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த சுவைஞர். முதல் நாள்தான் புதுக்கருவி வாங்கியிருந்தார். அழைப்பொலியை அடக்கியும் விழிப்பு மணி ஒலிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. பண்பில்லாதவர் மட்டுமே அவையைக் கெடுப்பார் என்று எண்ணினால், நம்மை நாமே காத்துக்கொள்ள மறந்துவிடுவோம். பழக்கம் ஆகாத பண்பு, நல்லவரையும் கைவிட்டுவிடும்.

இதற்கு நேர்மாறான மற்றொரு செய்தியும் உண்டு. சுலோவாக்கிய நாட்டு யூதத் தொழுகைக்கூடம் ஒன்றில் வயோலா வாசித்த கலைஞர், நடுவே நோக்கியா அழைப்பொலி எழக் கேட்டு, சினம் கொள்ளாமல் அதே மெட்டைத் தம் வில்லில் எடுத்து விரித்து வாசித்துவிட்டார், அவை சிரித்தது. அந்த மெட்டும் ஒரு கலைஞன் தந்ததே. ஸ்பெயின் நாட்டுக் கிதார் மேதை பிரான்சிஸ்கோ தாரேகா 1902இல் இயற்றிய வால்ஸ் நடன இசையிலிருந்து எடுக்கப்பட்டது அது.

ஒருவர் நிறுத்தினார், மற்றவர் ஏற்று வாசித்தார். இசைக்கு இரண்டு வழியும் திறந்திருக்கின்றன. கவிதைக்கு இரண்டும் எளிதல்ல. வரிக்கும் வரிக்கும் இடையே கவிஞன் விடும் இடைவெளியும் கவிதையின் உறுப்பே. அவ்விடைவெளியில் ஒரு திரைப்பாட்டு புகுந்துவிட்டால், அடுத்த வரி அநாதையாகிவிடுகிறது. நம் மாதக் கூட்டம் ஒன்றில் முதன்முறையாக மேடையேறிய இளம்பெண் ஒருவர் தம் பாட்டியின் மறைவைப் பற்றி எழுதிய கவிதையை வாசித்தார். மூன்றாம் பத்தியில் ஒரு குத்துப்பாட்டு ஒலித்தது. ஒலித்த இடம் பின்வரிசையன்று, மேடை. அப்பெண் புன்னகைத்துக்கொண்டே எஞ்சியதை விரைந்து படித்து இறங்கிவிட்டார். கைதட்டினோம். அடுத்த மூன்று கூட்டங்களுக்கு அவர் வரவில்லை. அந்த அழைப்புக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. அவர் எழுதாமல் விட்ட கவிதைகளுக்கும் கணக்கில்லை.

இரண்டாவது குறை, ஒளி. திரையரங்குக்குச் செல்வோர் இதை நன்கறிவர். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். முன்வரிசையில் ஒரு திரை ஒளிர்ந்தால் நொடியில் அப்பழக்கம் குலைகிறது. அவ்வொளி செய்தி பார்க்க எழுவதும் உண்டு. படத்தையே படம்பிடிக்க எழுவதும் உண்டு. பின்னதற்கு 2023ஆம் ஆண்டின் திரைப்படத் திருத்தச் சட்டம் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், மூன்று இலட்சத்துக்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது. முன்னதற்கு அண்டை இருக்கைக்காரரின் பெருமூச்சைத் தவிர வேறு தண்டனை இல்லை. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையின்போது ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளும் சேர்ந்திசையாக எழும் காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். வானொலியும் தொலைக்காட்சியும் நேரடியாக ஒலிபரப்பி வந்த நிகழ்ச்சி அது. நல்ல பதிவுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் கைகள் உயர்ந்து கருவியைப் பிடித்து நிற்கின்றன. தாளம் போட வேண்டிய கை அது. பின்னால் அமர்ந்த முதியவருக்குப் பாடுவோர் முகம் தெரிவதில்லை. உயர்த்தியவரோ, கண்ணெதிரே நிகழ்வதை உள்ளங்கை அளவுத் திரையில் காண்கிறார்.

மூன்றாவது குறை, ஒலியும் இல்லாதது. பிறர் கண்ணில் படும் ஒளியும் இல்லாதது. மடிமீது கவிழ்ந்த தலை. தமிழில் 'செல்' என்று கறையானுக்கு ஒரு பழம்பெயர் உண்டு. செல்லரித்த ஏடு என்கிறோம். ஆங்கிலத்துச் செல், நிலப்பரப்பைச் சிறு கூறுகளாக்கிக் கூறுதோறும் கோபுரம் நிறுத்திய அமைப்பைக் குறிப்பது, இரண்டுக்கும் உறவில்லை. ஆனால் பொருத்தம் உண்டு. உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, 1880இல் குடந்தைக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்ற உ.வே. சாமிநாதையர் ஊரூராகச் சென்று ஏடு தேடினார். செல்லரித்த சுவடியின் இயல்பை அவர் வழி வந்த பதிப்பாளர் அனைவரும் அறிவர். மேலட்டை நன்றாக இருக்கும், கயிறு அறுபடாதிருக்கும், பிரித்தால் நடுவில் எழுத்திராது. நம் அவையும் அப்படி ஆகிவருகிறது. நாற்காலிகள் நிறைந்திருக்கின்றன, வருகைப் பதிவேட்டில் கையொப்பம் இருக்கிறது, கேட்டவர் எத்தனை பேர்? ஒலியை அடக்கி வைத்தால் போதும் என்னும் அறிவிப்பு இந்த மூன்றாவது குறையைத் தொடுவதேயில்லை. இதைச் செய்பவர்களில் மேடையில் அமர்ந்தவர்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் என் உரை நேர்மையாகாது.

அப்படியானால் கருவியைப் பகையாகக் கருதலாமா? கூடாது, இந்த மண்ணில் கூடவே கூடாது. நம் உறுப்பினர் பலர் உழவர். அறுவடைக் காலத்தில் அறுவடை இயந்திரத்தின் ஓட்டுநர் அழைக்கும்போது எடுக்காவிட்டால் முறை தவறிவிடும். மறுநாள் மழை பெய்தால் கதிர் தரையோடு சாயும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்திருக்கும் மகன், நம் அவையில் அமர்ந்திருக்கும் தந்தையைத்தான் அழைப்பான். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார் இங்கே இருக்கின்றனர். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது கோபுரங்கள் சாய்ந்து, ஊருக்கு ஊர் பேச்சற்றுப்போன நாட்களை நாகையும் திருவாரூரும் தஞ்சையும் மறக்கவில்லை. அழைப்பு வராத துயரை அறிந்த மக்களிடம், அழைப்பே வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

கோயிலுக்குச் சட்டம் வழிசெய்தது. 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் அலைபேசியைத் தடைசெய்ய அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. நியூயார்க் நகரம் 2003இலேயே, நிகழ்ச்சி நடக்கும் அரங்குகளில் அலைபேசி ஒலித்தால் ஐம்பது டாலர் அபராதம் என்று விதி செய்தது. நம் வட்டத்துக்குக் காவலரும் இல்லை. அபராதப் புத்தகமும் இல்லை. ஜப்பானியர் வேறொரு வழி கண்டனர். கருவியின் ஒலியடக்கிய நிலைக்கே அவர்கள் 'மேனர் மோட்' என்று பெயர் வைத்திருக்கின்றனர். நம் மொழியில் 'பண்பு நிலை' எனலாம். பெயரிலேயே நெறியை வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் போதிக்க வேண்டியதில்லை.

நமக்கும் ஒரு பழைய வழி இருந்தது. அலைபேசி இல்லாத நாட்களில் திரையரங்கில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்னார் உடனே வெளியே வரவும் என்று கையால் எழுதிய சிலைடு திரையோரம் தோன்றும். உரியவர் எழுந்து போவார். மற்றவர் படத்தில் ஆழ்ந்திருப்பர். அவசரம் அன்றும் இருந்தது. அந்த அவசரத்தைத் தேவைப்பட்டவரிடம் மட்டும் சேர்க்கும் முறையும் இருந்தது. அதை நாம் மீட்கலாம்.

ஆகவே, பதினோராம் ஆண்டுக்கு ஐந்து நெறிகளை வட்டத்தின் முன் வைக்கிறேன். ஒன்று: தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுவதற்கு முன், மேடையிலிருப்போர் முதலில், பின் அவையோர், அனைவரும் சேர்ந்து கருவியை அணைப்போம். இரண்டு: வாயிலில் ஒரு தொண்டரிடம் வட்டத்தின் அலைபேசி இருக்கட்டும். அவசர அழைப்பை எதிர்பார்ப்பவர் வீட்டாருக்கு அந்த எண்ணைக் கொடுத்துவிட்டுக் கதவருகே அமரட்டும். அழைப்பு வந்தால் துண்டுச் சீட்டு ஓசையின்றி அவர் கைக்கு வரும். மூன்று: படமும் பதிவும் எடுக்கும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும், எடுத்ததை மறுநாள் அனைவருக்கும் அவர் அனுப்புவார். நான்கு: கருவியைப் பார்த்துக் கவிதை வாசிக்கும் கவிஞர் அதனை விமான நிலையில் வைத்துவிட்டு மேடையேறட்டும். ஐந்து: எல்லாம் செய்தும் ஒரு கருவி ஒலித்துவிட்டால், யாரும் திரும்பிப் பார்த்து முறைக்க வேண்டாம். ஒலி அடங்கட்டும், கவிஞர் முதல் வரியிலிருந்து மீண்டும் தொடங்கட்டும். அந்த இரண்டாம் வாசிப்பை அவருக்கு அளிப்பது அவையின் கடன்.

ஐந்தாவதை நான் பெரிதும் வேண்டுகிறேன். கருவி ஒலித்தது விபத்து. கவிதை பாதியில் கைவிடப்பட்டது நம் செயல். விபத்தைத் தடுக்க முயலலாம். முழுமையாகத் தடுக்க இயலாது. நம் செயலை மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

எழுதுவோர் தொகை பெருகிவிட்டது, அச்சிடுவது எளிதாகிவிட்டது. கேட்கப்படுவதுதான் இன்று கவிஞனுக்கு அரிதாகியிருக்கிறது. மாதத்துக்கு இரண்டு மணி நேரம் ஒருவருக்கொருவர் முழுச் செவி கொடுக்கும் ஓர் அவை இந்தக் காவிரிக் கரையில் இருக்கிறது என்று நாலு பேர் சொன்னால், அதைவிடப் பெரிய பெயர் நம் வட்டத்துக்கு வேண்டாம்.