ஆப்ஷனைக் கையால மறைங்க

போன எபிசோட் கேட்டுட்டு ஒருத்தர் கேட்டிருந்தார்: "ஜிஆர்இ-க்கு இன்னும் 40 நாள்தான் இருக்கு. வேர்ட் லிஸ்ட்டை எப்படி முடிக்கிறது?" முடிக்க வேண்டாம்னுதான் சொல்வேன். ஏன்னா நான் முடிச்சேன்.

ஹாஸ்டல்ல சீனியர் ஒரு பழைய கைடு கொடுத்தார். பஸ்ல, மெஸ்ல, எங்கேயும் அதேதான். வார்த்தையைச் சொன்னா அர்த்தத்தை ஒப்பிப்பேன். வெர்பல்ல வந்த மார்க் 146. மொத்தமே 130-லிருந்து 170 வரைக்கும்தான். பரீட்சைக் கட்டணத்துக்கு அப்பா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்திருந்தார். மார்க்கை அவர்கிட்ட ரெண்டு நாள் சொல்லவே இல்லை.

அப்புறம்தான் புரிஞ்சது. எதிர்ச்சொல் கேட்கிற கேள்விகளை 2011-லயே எடுத்துட்டாங்க. சீனியரோட கைடு அதுக்கும் முந்தினது! இப்போ வாக்கியத்துல கோடிட்ட இடம் வரும். ஒரு வகையில ஆறு ஆப்ஷன் இருக்கும், ரெண்டைத் தேர்ந்தெடுக்கணும். ரெண்டும் ஒரே பொருளைத் தரணும். ஒண்ணு தப்பினாலும் மார்க் கிடையாது.

ஒரு உதாரணம். "மேடையில் மணிக்கணக்கில் பேசுபவர் என்றாலும், வீட்டில் அவர் ______." ஆப்ஷன்ல 'லொக்வேஷியஸ்', 'கேருலஸ்' இருக்கு. ரெண்டுக்கும் வாயாடின்னு அர்த்தம். ஜோடியைப் பார்த்ததும் நான் டிக் பண்ணிடுவேன். 'என்றாலும்'கிற வார்த்தை மொத்தத்தையும் திருப்பிப் போட்டதைக் கவனிக்கவே மாட்டேன்.

ரெண்டாவது தடவை, ஆப்ஷனை முதல்ல கையால மறைச்சேன். காலி இடத்துல என்ன வரணும்னு தமிழ்ல சொல்லிப் பார்த்தேன்: "வாயே திறக்க மாட்டார்." கையை எடுத்தா 'டாசிட்டர்ன்', 'ரெட்டிசென்ட்' ரெண்டும் தானா தெரிஞ்சது. தமிழ்ல யோசிச்சா ஆங்கிலம் வராதுன்னு சொல்ற ஆட்களை நான் இப்போ நம்புறதில்லை.

இன்னொண்ணு. கஷ்டமான வார்த்தையை விட நமக்குத் தெரிஞ்சதா நினைக்கிற வார்த்தைதான் நிறைய கவுத்தது. 'க்வாலிஃபை'ன்னா தகுதி பெறுறதுன்னுதானே நினைப்போம்? ஒருத்தர் தன்னோட பாராட்டை க்வாலிஃபை பண்ணினார்னா, "நல்ல படம்தான், ஆனா..."ன்னு இழுக்கிறார்னு அர்த்தம். 'சாங்ஷன்' அனுமதியாவும் இருக்கும், தண்டனையாவும் இருக்கும். நம்ம 'படி' மாதிரிதான். ஏறுறதா, வாசிக்கிறதா, அரிசி அளக்கிறதான்னு வாக்கியம்தான் சொல்லணும்.

அதனால 40 நாள்ல தினம் எட்டு வார்த்தை போதும். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வாக்கியம், ஏதாவது கட்டுரையிலிருந்து எடுத்தது. எனக்கு அடுத்த தடவை 155 வந்தது. பெரிய மார்க் இல்லை. ஆனா அன்னிக்கே அப்பாவுக்கு போன் பண்ணிட்டேன்.