பழைய மிதிவண்டியைப் புதுப்பிக்கலாமா?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

1958-ஆம் ஆண்டு கல்கத்தாவுக்குப் பணியேற்று வந்த என் தந்தையார், முதற் சேமிப்பில் ஒரு ராலே மிதிவண்டி வாங்கினார். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பிறந்த பெயரைத் தாங்கினும், அது வங்காளத்து அசன்சோலில், சென்-ராலே ஆலையில் உருவானது. அவ்வாலை மூடப்பட்டு நெடுங்காலம் ஆயிற்று. வண்டியோ எங்கள் மாடிப்படியின் கீழ்த் துருவேறிக் கிடந்தது.

"முற்றும் சுரண்டிப் புது வண்ணம் தீட்டிவிடுவோம், அண்ணா" என்றான் என் இளவல். எனக்கு மனம் ஒப்பவில்லை. குறுக்குத் தண்டில் ஓரிடத்தில் வண்ணம் தேய்ந்திருக்கிறது. அங்கே துண்டை மடித்துப் போட்டு என்னை அமர்த்தித்தான் தந்தையார் பள்ளிக்கு அழைத்துச் செல்வார். தம்பி வளர்ந்த நாளில் அவர் வண்டியை விட்டுவிட்டார். எனக்கு நினைவாய் இருப்பது அவனுக்கு வெறுந்துருவாய்த் தோன்றியதில் வியப்பென்ன?

இருவருமாக முதிய தொழிலாளி ஒருவரிடம் சென்றோம். "ஓட்டுவதற்கா, பார்ப்பதற்கா?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. "ஒருநாளேனும் அதில் ஏறிச் செல்ல வேண்டும்" என்றான் தம்பி. அவன் ஆசையை அன்றுதான் அறிந்தேன்.

பெரியவர் தலைக்குழாயிலிருந்து பின்சக்கரம் வரை இருபுறமும் நூல் பிடித்துச் சட்டம் நேராக இருப்பதை உறுதி செய்தார். முன் ஃபோர்க்கில் மட்டும் மயிரிழை போன்ற விரிசல் தென்பட்டது. "இதை மாற்றியே தீர வேண்டும், ஓடும்போது முறிந்தால் ஆளையே கவிழ்த்துவிடும்" என்றார். டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் ஆகியவற்றையும் மாற்றச் சொன்னார். 28 அங்குல டயர் இன்றும் கிடைக்கிறது. "வண்ணத்தைத் தொடாதீர்கள், அழுக்கை எண்ணெயால் துடைத்தால் போதும். சுரண்டிய பழைய வண்ணத்தை எவராலும் திரும்பக் கொணர முடியாது" என்றும் உரைத்தார்.

அன்பர்களே, நான் கற்றது இதுவே: உயிர் காக்கும் உறுப்பில் பழமை பாராட்டலாகாது, நினைவு தாங்கும் உறுப்பில் புதுமை தேடலாகாது. இவ்விரண்டையும் பிரித்தறிந்தபின் எங்கள் வழக்குத் தீர்ந்தது. கழற்றிய உறுப்புகளையும் ஒரு பையிலிட்டுக் காத்து வருகிறோம்.

சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் தம்பி எங்கள் தெருவை மும்முறை சுற்றி வந்தான். இறங்கியதும், தேய்ந்த அவ்விடத்தைக் கையால் தடவி, "இங்கேதானா அண்ணா?" என்றான். "ஆம்" என்றேன்.