அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம்

(பெற்றோர் – பள்ளி நிர்வாகிகள் சந்திப்பில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)





நான் செய்த ஒரு தவறிலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன்.

ஒரு மெட்ரிக் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தேன். இரண்டாம் பருவக் கட்டணத்தைப் பலர் கட்டவில்லை. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய நெருக்கடி. பாக்கி உள்ளவர்களின் பட்டியலைப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொன்னேன். அன்று மாலையே பலர் கட்டிவிட்டார்கள். நல்ல யோசனை செய்ததாக மகிழ்ந்தேன்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். ஆறாவது நாள் வகுப்பாசிரியையும் நானும் வீட்டுக்குப் போனோம். வெளிநாட்டில் வேலை போய், வாப்பா ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகியிருந்தது. உம்மா சொன்னார்: "ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா நிலைமையைச் சொல்லியிருப்போம் சார். குரூப்புல சொந்தக்காரங்க எல்லாரும் இருக்காங்க. பிள்ளை எந்த முகத்தோட வகுப்புல உட்காருவா?"

மன்னிப்புக் கேட்டேன். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை திரும்பி வந்தாள். ஆனால் அதே பட்டியலில் இருந்த ஒரு பையனின் வாப்பா டி.சி. வாங்கிப் போய்விட்டார். காரணத்தை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் அது என் மனதை உறுத்துகிறது.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். பள்ளி விட்டதும் பத்து நிமிடம். மூன்றே கேள்விகள்: இன்று என்ன முடிவெடுத்தேன்? யாரைக் கேட்காமல் எடுத்தேன்? நாளை எதை மாற்றிச் செய்வேன்? டோனால்ட் ஷோன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1983-ல் எழுதிய நூலில், வேலை செய்யும்போதும் செய்து முடித்த பிறகும் தன் செயலைத் தானே எண்ணிப் பார்ப்பதுதான் ஒருவரைத் தொழிலில் தேர்ந்தவராக்கும் என்று விளக்குகிறார். நமக்கு இது புதிதல்ல. முஹாசபா, அதாவது தன்னைத் தானே கணக்குப் பார்த்தல், என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

அந்த நோட்டிலிருந்து சில நடைமுறைகள் பிறந்தன. பொதுவான செய்தி மட்டும் குரூப்பில். கட்டணம், மதிப்பெண், ஒழுங்கு பற்றியவை தனிப் போனில் அல்லது நேரில். எந்தச் சுற்றறிக்கையும் எளிய தமிழில். அனுப்புவதற்கு முன் ஒரு தாய் அதைப் படித்துப் பார்ப்பார். அவருக்குப் புரியவில்லை என்றால், மனம் நோகிறது என்றால், மாற்றி எழுதுவோம். மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் போன் செய்வார். மாதம் ஒருமுறை ஒரு பிள்ளையைப் பற்றி நல்லது சொல்வதற்காகவே வீட்டுக்குப் பேசுவார். பள்ளியிலிருந்து போன் வந்தாலே பயந்த தாய்மார்கள், பிறகு தாங்களே பேச ஆரம்பித்தார்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் பங்கு இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் 75 சதவீதம் பேர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினர்களில் 50 சதவீதம் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் போங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு மட்டும் வராதீர்கள், பேசுங்கள். சுயநிதிப் பள்ளிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் மஷூரா செய்ய யார் தடுத்தார்கள்? ஆசிரியர் மீது வருத்தம் இருந்தால் குரூப்பில் எழுதாமல் நேரில் வாருங்கள். நான் குரூப்பில் செய்த தவறை நீங்களும் செய்ய வேண்டாம்.

நிர்வாகிகளே, அந்தப் பட்டியலை அனுப்ப எனக்கு ஒரு நிமிடம்தான் ஆனது. அதற்கு முன் இன்னொரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தப் பையன் நம் பள்ளியிலேயே படித்திருப்பான். அந்த ஒரு நிமிடத்தை நீங்கள் ஒதுக்குங்கள். இன்ஷா அல்லாஹ், பிள்ளைகள் நம்மோடு இருப்பார்கள்.

வஸ்ஸலாம்.