துவரைப் பானைக்குள் வண்டு



மாசி மாதம் வந்துவிட்டது. பனி குறைகிறது. பகலில் வெயில் ஏறுகிறது. குளிரில் ஒடுங்கிக் கிடந்த எறும்பும் கரப்பானும் வெளியே வருகின்றன. அவை கண்ணில் படும், துடைப்பத்தால் அடித்துவிடலாம். கண்ணில் படாமல் பானைக்குள் வேலை செய்யும் பூச்சி ஒன்று உண்டு. அது பயறு வண்டு. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

சித்தூர், நகரி, புத்தூர், திருப்பதிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் வேர்க்கடலைக்கு நடுவே துவரை, மொச்சை, காராமணி போடுவது வழக்கம். கடலை விலைக்குப் போய்விடும். துவரையும் மொச்சையும் வீட்டில் தங்கும். ஆண்டு முழுவதும் குழம்புக்கு அதுதான். அடுத்த பருவத்துக்கு விதையும் அதுதான். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிந்து, திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. மாவட்டம் பிரிந்தாலும் இரு பக்கமும் வண்டு ஒன்றுதான்.

தை மாதம் துவரையை அடித்து, புடைத்து, பானையில் கொட்டி மூடுகிறார்கள். அப்போது ஒரு பயறிலும் ஓட்டை இல்லை. பங்குனியில் திறந்து பார்த்தால் பாதிப் பயறு ஓட்டை. கையை விட்டால் மாவு ஒட்டுகிறது. "மூடின பானைக்குள் வண்டு எப்படி வந்தது? தானாகப் பிறந்ததா?" என்று கேட்பார்கள். தானாக எந்த உயிரும் பிறப்பதில்லை. வண்டு வயலிலிருந்தே வந்தது.

காய் முற்றும்போதே வண்டு பறந்து வந்து அதன் மேல் முட்டை இடுகிறது. பழைய பயறு இருந்த சாக்கிலிருந்தும் வரும். பானைக்குள் வந்த பிறகு பயறின் மேலேயே முட்டையை ஒட்டிவிடும். வெள்ளைப் புள்ளி போலத் தெரியும். நான்கைந்து நாளில் முட்டை பொரியும். புழு வெளியே வருவதே இல்லை. முட்டைக்கு அடியிலேயே பயறைத் துளைத்து உள்ளே போய்விடும். உள்ளே இருக்கும் பருப்பைத் தின்று வளரும். கடைசியில் வட்டமாக ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். ஓட்டை தெரியும்போது பருப்பு போய்விட்டது என்று பொருள்.

குளிரில் இந்த வளர்ச்சி மெதுவாக நடக்கும். வெயில் வந்துவிட்டால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும். ஒரு பெண் வண்டு சுமார் 80 முட்டை இடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 வண்டில் 40 பெண். அந்த 40-ம் தலைக்கு 80 இட்டால் 3,200. எல்லாம் பிழைக்காதுதான். பாதி பிழைத்தாலும் பானை என்ன ஆகும்? விதைப் பயறாக இருந்தால் நட்டம் இன்னும் பெரிது. ஓட்டை விழுந்த விதை சரியாக முளைக்காது.

வண்டைத் தடுக்கப் பெரிய செலவு இல்லை. முதலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். சமையலுக்கு வைக்கும் பயறுக்கு இன்னொரு வழி உண்டு. கறுப்பு பிளாஸ்டிக் தாளை வெயிலில் விரித்து, பயறை மெல்லியதாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற தாளை மூடி, ஓரத்தில் கல் வைக்க வேண்டும். நல்ல வெயிலில் உள்ளே சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறும். முட்டையும் புழுவும் செத்துப்போகும். ஆறவிட்டுத்தான் பானையில் கொட்ட வேண்டும்.

அதன் பிறகு எண்ணெய். ஒரு கிலோ பயறுக்கு ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெய் விட்டு, ஒவ்வொரு பயறிலும் படும்படி பிசற வேண்டும். எண்ணெய் பட்ட முட்டைக்குக் காற்று கிடைக்காது, பொரியாது. துவரைக்குச் செம்மண் கட்டி வைத்த பாட்டிமார்களும் விவரம் தெரியாதவர்கள் அல்ல. வேப்பிலை போடுகிறவர்கள் காய்ந்த இலையாகப் போட வேண்டும். பச்சை இலை ஈரம் விடும், பூஞ்சணம் பிடிக்கும். பருப்பாக உடைத்து வைத்தால் இந்த வண்டு அவ்வளவாக அண்டாது. பழைய சாக்கை உதறி, வெந்நீரில் அலசி, காயப்போட்ட பிறகே புதுப் பயறை அதில் கொட்ட வேண்டும்.

இவ்வளவு வேலை எதற்கு, மூட்டைக்குள் ஒரு மாத்திரை போட்டால் போதுமே என்று யாராவது சொல்லக்கூடும். அந்தப் பேச்சைக் கேட்கவே கூடாது. அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டாலே போதும், அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷ வாயு கிளம்பும். வண்டைக் கொல்லும் அதே வாயு மனிதரையும் கொல்லும். சாக்கின் துணி அதைத் தடுக்காது. மூட்டையை அடுக்கி வைத்த அறையிலேயே பிள்ளைகள் படுத்துத் தூங்குகிற வீடுகள் எத்தனை! கதவைச் சாத்தினால் இரவெல்லாம் அந்தக் காற்றைத்தான் மூச்சில் இழுப்பார்கள். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை. கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் மட்டும், காற்றுப் புகாமல் மூடி, கையாள வேண்டிய பொருள் இது. வீட்டில் ஒரு மாத்திரை கூட இருக்கக் கூடாது.

தெரியாமல் யாராவது போட்டுவிட்டால் மாத்திரையைத் தேடி எடுக்க உள்ளே போகக் கூடாது. எல்லாரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். வரும் வழியில் கதவைத் திறந்தபடி விட்டு வரலாம். வாந்தி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். மோர், எலுமிச்சை என்று வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. தானியத்துக்குப் போடும் மாத்திரை என்று டாக்டரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.