வந்து போகும் கோளாறு

கார் மெக்கானிக்குகள் கேட்டதும் சலித்துக்கொள்ளும் புகார் ஒன்று உண்டு. “சில நேரம் செல்ஃப் எடுக்குது, சில நேரம் எடுக்கல.” அடியோடு கெட்டுப்போன பாகத்தைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து போகும் கோளாறு அப்படியல்ல, பட்டறை வாசலில் வண்டி நின்றதும் ஒளிந்துகொள்ளும். காலையில் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அசையாத என்ஜின், மெக்கானிக் கை பட்டதும் முதல் தடவையிலேயே கிளம்பும். பிறகு வழக்கமான படலம் தொடங்கும். முதலில் பேட்டரியை மாற்றுவார்கள். ஒரு மாதம் கழித்து செல்ஃப் மோட்டார், அதற்குப் பிறகு ஆல்டர்னேட்டர். கடைசியில் “பழைய வண்டி அப்படித்தான்” என்று ஒரு தீர்ப்பு. புதுப்பட்டினம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் என்று கடலோரம் நெடுக ஓடும் பழைய கார்களைப் பொறுத்தவரை இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் வாதம். இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது பாகங்களை அல்ல, பாகங்களை இணைக்கும் முனைகளை. அவற்றிலும் முதல் சந்தேகம் எர்த் மீது விழ வேண்டும்.

பழைய கார் என்று நான் சொல்வது கண்காட்சிக்கு வைக்கும் வண்டிகளை அல்ல, தினமும் கடைத்தெருவுக்கும் செங்கல்பட்டுக்கும் போய்வரும் வண்டிகளை. அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-உம் அதே 2014-இல்தான் நின்றது. ஆகவே இந்த இரண்டில் எதை வைத்திருந்தாலும், மிக இளைய வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. சொந்த உபயோகக் காருக்குப் 15 ஆண்டு முடிந்தால் தகுதிச் சோதனை செய்து, பதிவை 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்து ஓட்டலாம் என்பதால் இவை சாலையில் இருக்கின்றன. இவற்றின் செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் முரட்டு உழைப்புக்குச் செய்யப்பட்டவை. பிரஷ் தேயும், பேரிங் சத்தம் போடும். ஆனால் அவை தேய்மானத்துக்கு முன்னறிவிப்பு கொடுக்கும். நேற்று கெட்டு, இன்று நன்றாகி, நாளை மறுபடி கெடுவது அவற்றின் இயல்பு அல்ல. அது இணைப்பின் இயல்பு.

இணைப்பைக் கெடுப்பது எது? நம் ஊரில் அதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. கிழக்கே கடல், அருகிலேயே பக்கிங்காம் கால்வாயின் உவர்நீர். அலை உடையும் இடத்தில் தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகளாகி, கொண்டலோடு சேர்ந்து கரையேறுகின்றன. வீட்டு ஜன்னல் கம்பியில் படிவதுதான் பானெட்டுக்குள்ளும் படிகிறது. காற்றில் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். நம் கரையில் பெரும்பாலான இரவுகளில் இந்த அளவு தாண்டிவிடுகிறது. அதாவது மழையே பெய்யாவிட்டாலும், ஷெட்டில் நிற்கும் காரின் ஒவ்வொரு முனையும் இரவில் மெல்லிய உப்புநீரில் நனைகிறது, பகலில் உலர்கிறது. செம்புக் கம்பி, இரும்பு பாடி, ஈய டெர்மினல் என்று வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் அரிப்பு வேகமாகும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் கடற்கரையில் உலோகங்களைத் திறந்தவெளியில் வைத்துப் பல ஆண்டுகள் அரிப்பை அளந்து வந்ததற்குக் காரணமே, கடலோரக் காற்று உள்நாட்டுக் காற்றைப் போல அல்ல என்பதுதான்.

இரவும் பகலும் மாறி மாறி நடக்கும் இந்த நனைதலும் உலர்தலும் கோளாறுக்கு ஒரு நேர ஒழுங்கைக் கொடுக்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் வயரிலும் பல்லாயிரம் வோல்ட் ஓடுகிறது. மூடியின் மேல் ஈர உப்பு இருந்தால் தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் அந்தப் படலத்தின் வழியே கசியும். விடியற்காலையில் என்ஜின் இடறும். பத்து மணி வெயிலில் மூடி உலர்ந்ததும் சரியாகும். பேட்டரி முனையிலும் எர்த் முனையிலும் நடப்பது வேறு. அங்கே அரிப்பு ஒரு படிவத்தை விட்டுச் செல்கிறது. இரண்டு உலோகங்களும் முழுப் பரப்பில் தொடாமல் சில புள்ளிகளில் மட்டும் தொடுகின்றன. என்ஜின் அதிர்வோ, சூடோ, கதவை அறைந்து சாத்துவதோ அந்தப் புள்ளிகளை மாற்றிவிடும். அதனால்தான் ஒரு தட்டு தட்டினால் வேலை செய்கிறது. தட்டியவருக்குக் கைராசி இருப்பதாக ஊரில் பெயரும் கிடைக்கிறது!

எர்த் என்பதைச் சற்று விளக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தில் போவதற்கும் வருவதற்கும் தனித்தனிக் கம்பி. காரில் போவதற்கு மட்டுமே கம்பி, திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடலே பாதை. பேட்டரியின் நெகடிவ் பாடியோடு சேர்கிறது. ஆனால் என்ஜின் ரப்பர் மௌண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் அது பாடியைத் தொடுவதில்லை. நடுவில் ஒரு பின்னல் பட்டை அல்லது தடித்த கேபிள் இரண்டையும் இணைக்கிறது. எண்ணெயும் மண்ணும் மூடிய இந்தப் பட்டையை யாரும் பார்ப்பதே இல்லை. அது அறுந்தாலோ அரித்தாலோ செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டம் வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் போன்ற மெல்லிய எஃகுக் கம்பிகள் என்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருப்பதால் அவற்றின் வழியே பாயும். சாவியைத் திருப்பும்போது சோக் கேபிளின் உறை சூடாகிப் புகைந்தால், கேபிளைக் குற்றம் சொல்லக் கூடாது, எர்த் பட்டையைத் தேட வேண்டும். பின்விளக்கிலும் இதே கதைதான். பிரேக் விளக்கும் பார்க்கிங் விளக்கும் ஒரே பல்பில் 21 வாட், 5 வாட் என இரண்டு இழைகளாக இருக்கும். அந்த விளக்கின் எர்த் போய்விட்டால், பிரேக்கை மிதிக்கும்போது மின்னோட்டம் பார்க்கிங் இழைக்குள் பின்பக்கமாகப் புகுந்து வேறு விளக்கின் எர்த்தை அடையும். பிரேக் விளக்கு எரியாது, பார்க்கிங் விளக்குகள் அரைகுறையாக மினுங்கும். பல்பை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. விளக்கைப் பாடியோடு பிடித்திருக்கும் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிச் சுரண்டி மாட்டினால் தீர்ந்துவிடும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, “மீட்டர் வைத்துப் பார்த்தேன், எல்லா இடத்திலும் 12 வோல்ட் காட்டுகிறது, இணைப்பில் குறை இல்லை” என்பது. டிஜிட்டல் மல்டிமீட்டர் தனக்கென்று ஏறக்குறைய மின்னோட்டமே எடுத்துக்கொள்வதில்லை. கம்பியில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டாரும் சுற்றும்போது நூறு ஆம்பியர் அளவில் இழுக்கும். முனையில் ஓம் அளவில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே அங்கே ஒரு வோல்ட் விழுந்துவிடும், நூறு வாட் வெறும் சூடாகும். அதே முனையில் 5 ஆம்பியர் எடுக்கும் ஹெட்லைட்டை எரித்தால் விழுவது ஒரு வோல்ட்டில் இருபதில் ஒரு பங்குதான், யாருக்கும் தெரியாது. ஹார்ன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை என்ற புதிரின் விடை இதுதான். ஆகவே அளக்க வேண்டியது பாரம் ஏறும் நேரத்தில். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ் போஸ்ட்டிலும் (கிளாம்பில் அல்ல, போஸ்ட்டிலேயே), மறுமுனையை என்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் திருடன் இருக்கிறான். பாசிட்டிவ் பக்கமும் இதே போல, போஸ்ட்டிலிருந்து செல்ஃப் மோட்டாரின் போல்ட் வரை அளக்கலாம். மீட்டர் இல்லாதவர்கள் 21 வாட் பல்பில் இரண்டு வயர் கட்டிய பழைய டெஸ்ட் லாம்பை நம்பலாம். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுப்பதால் விளக்கு, ஹார்ன் லைன்களில் இருக்கும் போலி இணைப்பைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது மறுப்பு சற்று வலுவானது. இணைப்பைத் தேடி அரை நாள் செலவிடுவதைவிடப் பாகத்தை மாற்றுவது மலிவு, அதோடு மாற்றியதும் சரியாகிவிடுகிறதே என்கிறார்கள். சரியாவது உண்மை. ஏன் சரியாகிறது என்று பார்க்க வேண்டும். செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டுமானால் முதலில் பேட்டரி கிளாம்பை எடுக்க வேண்டும். கேபிளின் லக்கை எடுக்க வேண்டும். புது மோட்டாரை மாட்டும்போது இந்த முனைகளெல்லாம் துடைக்கப்பட்டு இறுக்கப்படுகின்றன, மோட்டார் என்ஜினோடு சேரும் இடம்கூடப் புதிதாக உலோகத்தோடு உலோகம் ஒட்டுகிறது. கோளாறு போனது இந்தத் துடைப்பினால், பெயர் மோட்டாருக்கு. துடைத்த முனையில் காப்பு எதுவும் பூசாமல் விட்டதால் இரண்டு மூன்று மாதத்தில் உப்பு மறுபடி வேலையைக் காட்டும், அப்போது ஆல்டர்னேட்டர் மேல் பழி விழும். வந்து போகும் கோளாறில் “மாற்றினேன், நின்றுவிட்டது” என்பது சாட்சியமே ஆகாது. தானாகவே நிற்கும் சுபாவம் உள்ள ஒன்று எதனால் நின்றது என்று எப்படிச் சொல்வது? மாற்றுவதற்கு முன் அளந்த எண்ணும், பின் அளந்த எண்ணும் இருந்தால்தான் பேச முடியும். பழைய மோட்டாரை பேட்டரியோடு நேராக இணைத்துச் சுற்றிப் பார்க்காமல் குப்பைக்கு அனுப்புவது, விசாரணை இல்லாமல் தண்டிப்பது.

எல்லாமே இணைப்புதான் என்று சொல்ல வரவில்லை. மத்தியானப் போக்குவரத்து நெரிசலில் சூடேறியதும் நின்று, அரை மணி நேரம் ஆறியதும் கிளம்பும் வண்டியில் இக்னிஷன் காயிலைச் சந்தேகப்படுவது நியாயம். பெட்ரோல் பம்ப் ரிலேக்குள் சால்டரிங் விரிசல் விட்டிருந்தாலும் சூட்டில் விலகி, குளிர்ந்ததும் சேரும். பள்ளத்தில் இறங்கினால் மட்டும் விளக்கு அணைந்தால் எங்கோ வயர் உரசி உறை கிழிந்திருக்கும். இதனால்தான் வாகன உரிமையாளரின் குறிப்பு மெக்கானிக்கின் கருவியைவிடப் பயன்படும் என்கிறேன். எத்தனை மணி, மழையா வெயிலா, என்ஜின் சூடா குளிரா, விளக்கு போட்டிருந்ததா, செல்ஃப் அடிக்கும்போது விளக்கு மங்கியதா, அடியோடு அணைந்ததா, மாறாமல் இருந்ததா. கடைசிக் கேள்வி ஒன்றே பாதி வழி கொண்டுபோகும். அடியோடு அணைந்தால் பேட்டரி முனை. மாறாமல் எரிந்துகொண்டு செல்ஃப் மட்டும் சும்மா இருந்தால் சாவி சுவிட்ச், சாலினாய்டு லைன், அல்லது என்ஜின் எர்த் பட்டை. மங்கினால் பேட்டரியின் பலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கேனர் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. எம்பிஎஃப்ஐ மாருதிகளில் ஸ்கேனரை மாட்டினால் ஏதோ ஒரு சென்சாரின் பெயர் வரும். அந்தப் பெயருக்கு அர்த்தம் சென்சார் கெட்டது என்பதல்ல, அந்த சர்க்யூட்டிலிருந்து வரும் அளவு நம்பும்படி இல்லை என்பது மட்டும்தான். சென்சார்கள் பலவும் 5 வோல்ட்டுக்குள் பேசுபவை. 12 வோல்ட் ஹெட்லைட் பொறுத்துக்கொள்ளும் எர்த் குறையை அவை பொறுத்துக்கொள்ளாது. எனவே கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் எர்த்தின் முக்கியத்துவம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஹெட்லைட்டும் ஒன்றும் பெரிதாகப் பொறுத்துக்கொள்வதில்லை. இழை பல்புக்கு வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்கள் அதிக வாட் பல்பு வாங்கி வயரிங்கைச் சூடாக்குவதற்கு முன் இதை யோசிக்கலாம். பியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய பியூஸோ, சிகரெட் பெட்டித் தாளோ வைப்பது நேராகத் தீயில் முடியக்கூடிய காரியம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி தனி இனம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் பல கழுவித் துடைக்கப்பட்டுப் பழைய கார் சந்தைக்கு வந்தன. கம்பியின் உறைக்குள் இழைகளுக்கு இடையே தண்ணீர் திரிபோல் ஏறிவிடும். வெளியே பளபளவென்று இருக்கும் வயரை உரித்தால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். அங்கே முனையைச் சுரண்டிப் பயனில்லை, வயரையே மாற்ற வேண்டும். வாங்குவதற்கு முன் தரைவிரிப்பைத் தூக்கி, அதன் அடியில் ஓடும் கனெக்டர் ஒன்றைக் கழற்றிப் பச்சைப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள்.

மற்ற வண்டிகளுக்குச் செய்ய வேண்டியது, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் ஒரு நாள் காலை வேலை. பேட்டரியின் நெகடிவை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். லக் உட்காரும் இடத்தில் பெயிண்டும் துருவும் போய் வெறும் இரும்பு தெரியும் வரை உப்புத்தாள் போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். முலாம் பூசிய சிறு கனெக்டர்களில் உப்புத்தாள் வேண்டாம், முலாம் போனால் அரிப்பு இன்னும் விரைவாகும். அவற்றுக்குக் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே போதும். எல்லாம் முடிந்ததும் செல்ஃப் அடிக்கச் சொல்லி, எர்த் பக்கம் எத்தனை வோல்ட் விழுகிறது என்று அளந்து, எண்ணையும் தேதியையும் பானெட்டின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்த வருஷம் வண்டி அடம்பிடித்தால், மெக்கானிக் பேட்டரியைத் தொடுவதற்கு முன் அந்த எண்ணைக் காட்டி, இப்போது எத்தனை என்று அளந்து பார்க்கச் சொல்லலாம்.